இரண்டாம் முறை கதவைத் தட்டியவர்கள்

1877 பிப்ரவரியில் லண்டனில் ஒரு மாத வெளியீடு தொடங்கியது. படங்கள் ஜான் தாம்சனுடையவை. எழுத்து, அடால்ஃப் ஸ்மித் என்ற பத்திரிகையாளருடையது. பூ விற்கும் பெண்கள், செருப்புக்கு மெருகேற்றுபவர்கள், வண்டிக்காரர்கள் என்று தெருவில் பிழைப்பவர்களை நிறுத்திப் படமெடுத்து, அவர்களிடம் கேட்டறிந்ததையும் கூடவே அச்சிட்டார்கள். செயின்ட் ஜைல்ஸ் பகுதியில் ஒரு வாசற்படியில் சாய்ந்து கிடக்கும் விதவையின் படம் அதில் புகழ்பெற்றது. அவர் மடியில் இருப்பது அவர் குழந்தையல்ல. காபிக் கடைக்கு வேலைக்குப் போன இன்னொரு பெண்ணின் குழந்தை. பார்த்துக்கொள்வதற்குக் கூலி கொஞ்சம் ரொட்டியும் தேநீரும். இந்த விவரம் படத்தில் இல்லை, விசாரித்ததால் கிடைத்தது. நகரவாசிகளைப் படமெடுத்து அறியும் மரபு இங்கே நல்லபடியாகவே தொடங்கியது என்பேன்.

அதே காலத்தில் இந்தியாவில் நடந்தது வேறு. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்ற அரசு வெளியீட்டில் ஒவ்வொரு முகமும் ஒரு சாதிக்கோ குலத்துக்கோ மாதிரி. சில பத்தாண்டுகள் கழித்து சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் கேமராவோடு அளவுகோலையும் எடுத்துக்கொண்டார். மூக்கின் அகலமும் தலையின் நீளமும் குறிக்கப்பட்டன. உட்கார வைக்கப்பட்டவரின் வாழ்க்கையை யாரும் கேட்கவில்லை.

வகைப்படுத்துவதே குற்றம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஜெர்மனியின் கொலோன் நகரில் ஸ்டூடியோ வைத்திருந்த ஆகஸ்ட் சாண்டரும் மனிதர்களைத் தொழில்வாரியாகவே அடுக்கினார். 1929-ல் அறுபது படங்களோடு அவர் வெளியிட்ட ‘காலத்தின் முகம்’ நூலில் இனிப்புச் சமையல்காரரும் வேலையற்றவரும் ஒரே நேர்பார்வையில் நிற்கிறார்கள். யாரையும் மேலே தூக்கவில்லை, யாரையும் இறக்கவில்லை. நாஜிகளுக்கு அந்தச் சமத்துவம் பொறுக்கவில்லை. 1936-ல் நூலின் அச்சுத் தகடுகளை அழித்தார்கள். பின்னர் நாட்டைவிட்டு வெளியேறுவதற்காக பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த யூதர்களின் முகங்களையும் சாண்டர் தன் பெருந்தொகுப்பில் தனிப் பிரிவாகச் சேர்த்தார். தேவைக்காக எடுத்த சிறு படங்கள் சாட்சியமாயின.

நியூயார்க்கில் வாக்கர் எவன்ஸ் எதிர்த் திசையில் போனார். 1938-லிருந்து 1941 வரை சுரங்க ரயிலில் கேமராவைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு எதிரே இருந்தவர்களை எடுத்தார். தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று அறியாத முகத்தில் உள்ள களைப்பு அந்தப் படங்களில் அப்படியே இருக்கிறது. அவற்றின் வலிமையை மறுக்க முடியாது. ஆனால் நூலாக வெளியிட 1966 வரை அவர் காத்திருக்க நேர்ந்தது. எவன்ஸ் அவற்றை எடுத்து அறுபது ஆண்டுகள் கழித்து அதே நகரத்தின் டைம்ஸ் சதுக்கத்தில் ஃபிலிப் லோர்கா டிகோர்சியா, மறைவான ஃபிளாஷ் விளக்குகளை வைத்து வழிப்போக்கர்களை எடுத்தார். படத்தில் இருந்த ஒருவர் தன் மத நம்பிக்கை புண்பட்டதாக வழக்குப் போட, 2006-ல் நீதிமன்றம் கலைஞர் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டம் அனுமதித்தது, சரி. அந்த மனிதரின் மனக்குறை எனக்கு இன்னும் நியாயமாகவே படுகிறது.

மறைக்காமல் எடுத்தவரும் அதே நியூயார்க்கில் இருந்தார். புரூஸ் டேவிட்சன் 1966-லிருந்து இரண்டு ஆண்டுகள் கிழக்கு ஹார்லெமின் ஒரே தெருவில் வேலை செய்தார். முதலில் அந்தப் பகுதியின் குடிமக்கள் குழுவிடம் அனுமதி கேட்டார். முக்காலியில் நிற்கும் பெரிய கேமராவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: அதை ஒளிக்க முடியாது. எடுத்த படங்களின் பிரிண்டுகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஆனால் இந்தத் துறையில் நான் மீண்டும் மீண்டும் போய் நிற்கும் இடம் மில்டன் ரோகோவினின் பஃபலோ நகரம். ரோகோவின் கண் பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதித் தருபவர். இடதுசாரி. 1957-ல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு அவரை அழைத்தது. உள்ளூர்ப் பத்திரிகை அவரை ஊரின் தலைமைக் கம்யூனிஸ்டாக ஆக்கியது. கண்ணாடிக் கடைக்கு வருபவர்கள் குறைந்தார்கள். வாய் அடைக்கப்பட்டவர் கேமராவை எடுத்தார். 1972-ல் தன் கடைக்குப் பக்கத்திலேயே இருந்த ஏழைக் குடியிருப்பான லோயர் வெஸ்ட் சைடுக்குள் நுழைந்தார். போலீஸ் ஆளோ என்று அங்கிருந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். அவர் பிரிண்டுகளோடு திரும்பி வந்தபோது சந்தேகம் கரைந்தது. எப்படி நிற்க வேண்டும் என்று அவர் சொல்வதில்லை. அதை எதிரே இருப்பவர் முடிவு செய்தார்.

இத்தோடு நின்றிருந்தால் அவர் நல்ல புகைப்படக்காரர்களில் ஒருவராக மட்டுமே இருந்திருப்பார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, பழைய படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, மனைவி ஆனுடன் அதே தெருக்களில் விசாரித்துப் போய் அதே மனிதர்களை எடுத்தார். 1992-ல், எண்பதைத் தாண்டிய வயதில், மூன்றாவது முறை. 2000-த்தை ஒட்டி நான்காவது முறை. வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, முதல் படத்தில் தம்பதியாக இருந்தவர்களில் பிறகு ஒருவர் மட்டுமே இருக்கிறார். மடியில் இருந்த குழந்தை தன் குழந்தையோடு நிற்கிறது. ஒடிந்துபோவார் என்று நாம் நினைத்தவர் நிமிர்ந்திருக்கிறார். ‘ஏழை’ என்று முதல் பார்வையில் நாம் ஒட்டிய சீட்டு இரண்டாவது படத்திலேயே உதிர்ந்துவிடுகிறது. பெரும்பாலான படங்களில் இருப்பவர்களின் பெயரை அவர் எழுதவில்லை; அது ஒரு குறைதான். அவர்களுடைய பேச்சு 2003-ல் வந்த நூலில் சேர்ந்தது. 2011-ல், 101 வயதில் ரோகோவின் காலமானார்.

இன்று இந்தத் துறையை உலகுக்குத் தெரியவைத்தவர் பிராண்டன் ஸ்டான்டன். 2010-ல் பத்தாயிரம் நியூயார்க்வாசிகளை எடுத்து வரைபடத்தில் குறிப்பதாகத் தொடங்கியவர், வழியிலேயே கேள்வி கேட்கத் தொடங்கினார். பேச்சு படத்தைவிடப் பெரிதானது. 2015-ல் ஒரு பள்ளிச் சிறுவன் தன் தலைமையாசிரியரைப் பற்றிச் சொன்ன சில வரிகள், அந்தப் பள்ளிக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேல் திரட்டித் தந்தன. இந்தச் சாதனையை நான் மதிக்கிறேன். ஆயினும் பெரும்பாலான சந்திப்புகள் ஒரு தடவையோடு முடிகின்றன. ஒரு வாழ்க்கை, அதன் மிகக் கலங்கிய ஐந்து வரிகளாகச் சுருங்கி நிற்கிறது. அந்த மனிதருக்கு அடுத்த வருடம் சிரிக்கவும் உரிமை உண்டு.

சென்னைக்கு ஒரு ரோகோவின் தேவைப்படுகிறார். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காக 2000-ல் கண்ணகி நகர் எழுந்தது. 2020-ல் அதன் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வந்தன, கேமராக்களும் வந்தன. கைக்குழந்தையாக அங்கே கொண்டுவரப்பட்டவர்களுக்கு இப்போது இருபத்தைந்தை ஒட்டிய வயது. அவர்களில் நூறு குடும்பங்களை, அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் விரும்பியபடி நிற்கவிட்டு இந்த ஆண்டு எடுக்கலாம். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், அடுத்த வாரமே பிரிண்டைக் கொடுக்க வேண்டும், 2035-ல் மறுபடி போக வேண்டும். இதற்கு வேண்டியது ஒரு கேமராவும், பத்தாண்டு கழித்தும் அதே வேலையில் இருக்கத் துணியும் இளைஞர் ஒருவரும்.