ஒலியனும் உயிர்மெய்யும்: மருத்துவ மதிப்பீட்டில் தமிழ்க் குழந்தை

குழந்தையின் அறிதிறன் வளர்ச்சி பற்றிய ஆய்வு முடிவுகள் இன்று டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாட்டைக் கண்டறியும் சோதனைகளாக மருத்துவமனைகளுக்கு வந்து சேர்கின்றன. செராசில் 1997ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற இடங்களில் ஆய்வும் சிகிச்சையும் அருகருகே நிகழ்வதால் இஃது இயல்பானதே. ஆயினும், ஒரு மொழிக் குழந்தைகளிடம் பெற்ற முடிவு வேறொரு மொழிக் குழந்தைக்கு அளவுகோலாகுமா என்னும் வினா எழுகின்றது.

பிராட்லியும் பிரையன்ட்டும் 1983இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியிட்ட ஆய்வு, சொல்லின் ஒலிகளை இனம்பிரிக்கும் திறனுக்கும் பிற்கால வாசிப்புக்கும் உள்ள தொடர்பை ஆங்கிலக் குழந்தைகளிடம் காட்டியது. ஆங்கில எழுத்து ஒலியனைக் குறிக்க முற்படுவது. தமிழிலோ 247 எழுத்துகளுள் 216 உயிர்மெய்யாகும்.

'கடல்' என்னும் சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்லுமாறு கேட்டால், தமிழ்ப்பள்ளி மாணவன் 'டல்' எனக் கூறலாம். ஒலியன் கணக்கில் 'அடல்' என்பதே விடை. மாணவனின் விடை பிழையெனக் குறிக்கப்படும். அவனோ தான் கற்ற எழுத்தின் எல்லையில் சொல்லைப் பிரித்துள்ளான். இதனை அறிதிறன் குறைவு எனல் பொருந்தாது. கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக் (2007), ஒலியன் உணர்வு அவர்களிடம் மெதுவாகவே உருவாவதைக் காட்டியுள்ளார். அம்முடிவையும் அப்படியே தமிழுக்கு ஏற்றுதல் இயலாது. தமிழில் 'க்' என்னும் ஒரே மெய் கடல், பகல், சங்கு ஆகிய சொற்களில் வெவ்வேறாக ஒலிக்கின்றது.

இதனால் சோதனையே வேண்டா என்பது பொருளன்று. 'வீட்டுமொழி வேறு, போகப்போகச் சரியாகும்' என ஒதுக்குவதும் உண்மையான குறைபாடுடைய குழந்தைக்குத் தீங்காகும். தமிழ்ப்பள்ளி மாணவர் முதலாம் ஆண்டிலேயே தமிழ் எழுத்தையும் உரோமன் எழுத்தையும் கற்கின்றனர். இரண்டிலும் தடுமாறும் குழந்தையும், மலாய்மொழியில் மட்டும் தடுமாறும் குழந்தையும் ஒரே நிலையினர் அல்லர். தமிழில் சோதிக்காமல் இவ்வேறுபாட்டை அறிய வழியில்லை.

எந்த உயிர்மெய்க் குறி எந்த வயதில் கைவருகின்றது என்பதற்கான சான்று தமிழாசிரியர் நாள்தோறும் திருத்தும் பயிற்சி ஏடுகளில் உள்ளது. அதனைத் தொகுத்து அளவையாக்குவது தமிழ்த்துறைகளின் கடமை. அவ்வளவை அமைந்த பின்னரே மருத்துவர் தரும் முடிவு தமிழ்க் குழந்தைக்கு நீதி செய்வதாகும்.