கடலில் ஒரு நீலகிரி

நம் மலையின் பெயரைச் சுமந்து இரண்டு போர்க்கப்பல்கள் பிறந்திருக்கின்றன, இரண்டுமே மும்பையின் மசகான் கப்பல் கட்டும் தளத்தில். முதல் நீலகிரி 1972-இல் கடற்படையில் சேர்ந்தது. பிரிட்டனின் லியாண்டர் வடிவமைப்பில் உருவான ஃபிரிகேட் அது. கொதிகலன், நீராவி டர்பைன், சுமார் 3,000 டன் எடை. 1996-இல் ஓய்வு பெற்றது.

இரண்டாவது நீலகிரி 2025 ஜனவரி 15 அன்று வந்தது. எடை இரு மடங்குக்கும் மேல், நீளம் 149 மீட்டர்.

பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் இதன் அழகு பிடிபடும். மேல்தளச் சுவர்கள் நிமிர்ந்து நிற்பதில்லை, உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. எதிரியின் ரேடார் அலை பட்டால் வந்த வழியே திரும்பாமல் வேறு பக்கம் சிதறிப் போகட்டும் என்பதுதான் கணக்கு. ஏவுகணைகளும் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதில்லை; பிரம்மோஸ், பராக் இரண்டுமே தளத்துக்கு அடியில் செங்குத்தாகக் காத்திருக்கின்றன. பழைய கப்பல்களின் ஏணிகளும் கம்பிகளும் தந்த முரட்டுக் கவர்ச்சி இதில் இல்லைதான். ஆனால் இந்த மொழுமொழுப்பில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது, அது ரசிக்கத்தக்கது.

இயந்திர அறையிலும் சாமர்த்தியம் உண்டு. நிதானப் பயணத்துக்கு டீசல், துரத்தலுக்கு கேஸ் டர்பைன். ஒன்று ஓடும்போது மற்றது ஓய்வெடுக்கும். வேகம் 28 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 52 கிலோமீட்டர். இவ்வளவு எடைக்கு அது லேசுப்பட்ட ஓட்டமில்லை. பின்தளத்திலிருந்து ஹெலிகாப்டர் கிளம்பி, நீர்மூழ்கிகளைத் தேடிப் போகும்.

இதே வரிசையில் மொத்தம் ஏழு கப்பல்கள்: நான்கு மும்பையில், மூன்று கொல்கத்தாவில். ஹிம்கிரி, உதயகிரி, தாராகிரி என்று எல்லாவற்றுக்கும் மலைப்பெயர்தான்.