ஊரின் தன்மை எது?

“ஊர் வளரட்டும், ஆனால் ஊரின் தன்மை கெடக்கூடாது!” சாலை வருகிறது, மனைப்பிரிவு வருகிறது என்றவுடன் எழுகின்ற குரல் இது. ஏரியை மேடாக்கி மனை போட்டு விற்பவனைத் தடுக்க அக்குரல் பயன்படுமாயின், நாமும் அதனோடு சேர்ந்து முழங்குவோம். ஆனால், தன்மை, தன்மை என்கின்றார்களே, எது அந்தத் தன்மை? அதை விளக்காமல் திட்டம் தீட்டப் புகுவோரை நாம் ஐயத்தோடுதான் நோக்க வேண்டியிருக்கிறது.

காந்தியார் 1909ஆம் ஆண்டு எழுதிய ‘இந்திய சுயராஜ்யம்’ நூலில் இயந்திர நாகரிகத்தைச் சாடினார். 1945 அக்டோபரில் நேருவுக்கு எழுதிய கடிதத்திலும் கிராம வாழ்வே வழி என்றார். தாம் கூறுவது இருக்கின்ற கிராமம் அன்று, கற்பனையில் காணும் கிராமம் என்பதை அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மையைப் பாராட்டுகிறோம். எனினும், கற்பனைக் கிராமத்துக்குச் செல்லும் பாதை இருக்கின்ற கிராமத்தின் சேரி வழியாகத்தானே செல்ல வேண்டும்? அந்தப் பாதையைக் காட்டாமற்போனதே அக்கருத்தின் பெருங்குறை.

அண்ணல் அம்பேத்கர் அந்தக் குறையைக் கண்டவர். 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பேசுகையில், கிராமத்தை அறியாமைக்கும் குறுகிய நோக்குக்கும் உறைவிடம் எனக் கண்டித்தார். வரைவுச் சட்டம் கிராமத்தை விலக்கித் தனி மனிதனையே அடிப்படையாகக் கொண்டதற்கு மகிழ்ந்தார். ஊரின் தன்மையைவிட ஊரில் வாழும் மனிதனின் மானம் பெரிது என்பதன்றோ அதன் பொருள்!

இது பழங்கதை என்று எவரேனும் சொல்வாராயின், அவருக்கு மதுரை மாவட்டத்து உத்தபுரத்தைக் காட்டுவோம். அங்கே 1989இல் எழுந்த சுவர், தாழ்த்தப்பட்ட மக்களை ஊரினின்றும் பிரித்து நின்றது. 2008 மே 6ஆம் நாள், அச்சுவரின் ஒரு பகுதியை அரசு இடித்துப் பாதை திறந்தது. உடனே ஆதிக்கச் சாதியினர் பலர் ஊரைவிட்டு வெளியேறி எதிர்ப்புக் காட்டினர். சுவர் போனால் ஊரே வேண்டாமாம்! ஊரின் தன்மை என்று அவர்கள் எதைக் கருதினர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

மாற்று வழியும் நம் நாட்டிலேயே உண்டு. கலைஞர் ஆட்சியில் 1997இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் முதலாவது, 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. ஊர் ஒன்றுக்கு 100 வீடுகள்: ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. ஊருக்கென ஒரு தன்மையைத் திட்டமிட்டே உண்டாக்கலாம் என்பதை அந்த 100 வீடுகள் மெய்ப்பித்தன.

நம்மவர் திட்டம் என்பதற்காகத் திறனாய்வை நிறுத்திக்கொள்ளலாகாது. 100 வீட்டுக்குள்ளே சமத்துவம்; கூப்பிடு தூரத்திலே பழைய ஊர், பழைய தெரு, பழைய சேரி! புது ஊர் கட்டுவது எளிது. பழைய ஊரைத் திருத்துவதே அரிது. சேரிக்கு அப்பால் மேலும் ஒரு குடியிருப்பை அமைத்து, அதற்குக் ‘காலனி’ என்று பெயர் சூட்டினோம். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதலமைச்சர் அறிவித்தது நன்று. ஆயின் சொல் நீங்கினால் போதாது. அச்சொல் குறித்த தொலைவும் நீங்க வேண்டும்.

ஏரி, மேய்ச்சல் நிலம், பொதுக் கிணறு, பறையோசை, கூத்து, மண்ணின் பேச்சு ஆகியவை ஊரின் தன்மை, காப்போம். தனித் தெரு, தனிக் குவளை, தனிச் சுடுகாடு ஆகியவை ஊரின் நோய். நோயைக் காப்பவன் மருத்துவன் ஆகான்.

இளைஞர்களே! உங்கள் ஊராட்சியின் வளர்ச்சித் திட்டம் கிராம சபையில் வைக்கப்படும் நாளில் சென்று அமருங்கள். புதிய வீடுகள் எந்தத் தெருவை ஒட்டி வரும்? புதிய சாலை எந்த வாசலோடு நின்றுவிடும்? சுடுகாடு ஒன்றா, இரண்டா? விடை கிடைக்கும்வரை கேளுங்கள். ‘தன்மை கெட்டுவிடும்’ என்று எவரேனும் எழுந்தால், எந்தத் தன்மை என்று அவரையும் கேளுங்கள்.