பற்றவைப்போன் படித்த பைபிள்

1661-ஆம் ஆண்டு சனவரித் திங்கள். இங்கிலாந்து நாட்டுப் பெட்போர்டு நகரத்து வழக்கு மன்றம். உயர்ந்த இருக்கையிலே நீதிபதி கீலிங். எதிரே குற்றவாளியாக ஜான் பனியன். ஓட்டை விழுந்த பாத்திரங்களைப் பற்றவைத்துக் கொடுத்து, ஊர் ஊராய்த் திரிந்து பிழைத்த ஏழைத் தொழிலாளி. செய்த குற்றம் என்ன? களவா? கொலையா? இல்லை! அரசின் திருச்சபைக்குச் செல்லாமல், தனியே கூடிய எளிய மக்களுக்குப் பைபிளை விளக்கிச் சொன்னார். அவ்வளவே.

இந்த உரிமையை உனக்கு அளித்தது எது என்று கேட்டார் நீதிபதி. பேதுருவின் முதல் நிருபத்தைச் சுட்டினார் பனியன்: அவரவர் பெற்ற வரத்தைப் பிறர்க்குப் பயன்படுத்த வேண்டும் என்னும் இடம் அது. நீதிபதியா மடங்குவார்! வரம் என்றால் தொழில். பற்றவைக்கும் வரம் பெற்றவன் பற்றவைக்கட்டும், போதனை போதகர்க்கே உரியது என்று உரை வகுத்தார். குலத்தொழிலை விடாதே என்னும் குரல்! நம் செவிக்குப் புதிதன்று அது. ஆனால் பற்றவைப்போன் வாயடைத்து நிற்கவில்லை. அடுத்த அடியையும் படியுங்கள், அங்கே பேசுவதைப் பற்றியன்றோ சொல்லியிருக்கிறது என்றார்.

அந்த அடுத்த அடியைத் தேடும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லும் ஏடு, பனியனே சிறையிலிருந்து எழுதி 1666-இல் வெளியான தன்வரலாறு. பாவிகளில் தலையாய பாவிக்குப் பெருகிய அருள் என்பது அதன் பெயர்ப்பொருள். பனியன் என்றதும் நம்மவர்க்கு நினைவு வருவது 1678-இல் வந்த 'மோட்சப் பிரயாணம்'; அதைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடி 1894-இல் வெளியிட்டார். எனக்கோ அந்தப் புகழ்பெற்ற நூலினும் இந்தச் சிறைநூலே பெரிதாகத் தோன்றுகிறது. தனியொருவன் தானாகவே வேதம் படித்துக் கடவுளை நெருங்கியதாக உணர்கிறானே, அந்த நெருக்கம் எப்படி விளைகிறது என்பதை ஒளிவுமறைவின்றிக் காட்டும் நூல் இது.

"பைபிள் படித்து மனங்கலங்கியவன் கதையில் நமக்கென்ன வேலை?" என்று நண்பரொருவர் நகைத்தார். வேலை உண்டு, தோழரே! 1543-இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் செய்தனர். கைத்தொழிலாளர், வேலை பழகுவோர், பணியாட்கள், உழவர், கூலிகள், சாதாரணப் பெண்கள் ஆகியோர் ஆங்கில பைபிளைப் படித்தலாகாது! உயர்குடிச் சீமாட்டி மட்டும் தனக்குள் படித்துக்கொள்ளலாம். 1547-இல் அச்சட்டம் நீங்கிற்று. பனியன் பிறந்தது 1628-இல். ஒரு நூற்றாண்டு முன்பு பிறந்திருந்தால், அவர் அந்த ஏட்டைப் பிரிப்பதே குற்றமாகியிருக்கும்.

பள்ளியில் கற்ற சிறிதளவையும் மறந்துபோன மனிதர் அவர். மணம் செய்தபோது வீட்டில் ஒரு தட்டும் கரண்டியுங்கூட இல்லையாம். மனைவி கொண்டுவந்த சீதனம், தந்தை விட்டுச்சென்ற இரண்டு பக்தி நூல்கள். ஒரு நாள் வேலையாகப் பெட்போர்டு தெருவழியே போனார். வாசலில் வெயிலிலே அமர்ந்து, மூன்று நான்கு ஏழைப் பெண்கள் தங்கள் உள்ளத்து அனுபவத்தைப் பேசிக்கொண்டிருந்தனர். தாமும் பேச வல்லவர் என்றெண்ணிய பனியன், அருகே சென்று கேட்டு, ஒன்றும் புரியாமல் நின்றார். இந்நூலின் மிக அழகிய பக்கம் இதுவே. ஏடு அவரைப் பற்றிக்கொண்டது அந்த வாசலில்தான்.

பற்றியது அணைப்பாக இல்லை, பிடியாக இருந்தது. கிறித்துவை விற்றுவிடு, விற்றுவிடு என்றொரு குரல் அவருள் ஓயாமல் ஒலித்தது. எதிர்த்து எதிர்த்துக் களைத்து, ஒரு நாள், போகட்டுமே என்று மனம் தளர்ந்தார். உடனே எபிரெயர் நிருபத்தின் ஓரிடம் இடியெனப் பாய்ந்தது: சேட்டபுத்திர பாகத்தை விற்ற ஏசா, பின்னர் அழுது தேடியும் பயன் காணாத கதை. நான்தான் ஏசா! எனக்கு மீட்பில்லை! இப்படி நாள்கணக்கிலன்று, மாதக்கணக்கில் அலறினார். படிக்கும் நமக்கே சலிப்பு வருமளவு அந்த அலறல் திரும்பத் திரும்ப வருகிறது. நூலின் பெருங்குறை அது. மனைவி, மக்கள், தாம் படைவீரராயிருந்த உள்நாட்டுப் போர் எல்லாம் சில வரிகளில் மறைந்துவிட, ஒரு வசனம் மட்டும் பக்கம் பக்கமாய் நிற்கிறது.

வகுப்பிலே காண்கிறேன். பாடலை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் சிறுவன், முந்திய அடி என்ன பொருள் என்றால் விழிக்கிறான். அடி அவனை ஆள்கிறது. அவன் அடியை ஆளவில்லை. பனியனும் அப்படித்தான் இருந்தார்.

மாற்றம் எப்படி வந்தது? ஒரு சமயம் ஆறுதல் தரும் வாக்கியமொன்று நெஞ்சில் எழுந்தது. கடவுளை நம்பிக் கெட்டவர் உண்டோ என்னும் கருத்துடையது. எங்கே இருக்கிறது? ஏடு முழுதும் தேடினார், தெரிந்தவர்களைக் கேட்டார், ஓராண்டுக்கு மேலும் கிடைக்கவில்லை. இறுதியில் கிடைத்தது சீராக் நூலில். அவர் சார்ந்த புரோட்டஸ்டண்டு மரபு வேதமென்று ஏற்காத தள்ளுபடி ஆகமம்! முதலில் திகைத்தார். பின்பு, வேதத்தின் பல வாக்குறுதிகளின் சாரந்தானே இது என்று துணிந்து ஏற்றார். கவனியுங்கள். எது தனக்கு உரியது என்று தீர்ப்பளித்தது சபையன்று, படித்தவர்!

பின்னும் சோதனை தீரவில்லை. அருளே போதும் என்று பவுலுக்குச் சொல்லப்பட்ட வசனமும் ஏசாவின் வசனமும் அவர் நெஞ்சிலே மோதின. அருள் நின்றது, ஏசா தளர்ந்தான். அதற்குப் பிறகே, அதுவரை கண்ணெடுத்துப் பார்க்கவும் அஞ்சிய அந்தப் பயங்கர வசனங்களை அணுகி, எடைபோட்டு, முன்பின் ஒப்பிட்டார். ஏசா எண்ணித் துணிந்து விற்றவன். நானோ போராடிச் சோர்ந்தவன். இரண்டும் ஒன்றல்லவே! வசனத்தின் முகமே மாறிவிட்டது என்கிறார்.

கடவுள் நெருங்கி வந்தார் என்பது பனியனின் முடிவு. அதை ஏற்க என் அறிவு இடந்தரவில்லை. அருகிலிருந்த ஏட்டை அஞ்சி விலகி நின்றவர், அதை அணுகி ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சியின் நிம்மதியையே இறைவனின் நெருக்கம் என்றழைக்கிறார் என்பது என் கருத்து. அடியார்கள் மறுக்கலாம். ஆனால் அச்சத்தோடு படித்த நாளில் கிட்டாத நெருக்கம், ஒப்பிட்டுப் படித்த நாளில் கிட்டியது என்பதற்கு அவர் நூலே சான்று. நீதிபதியிடம் அடுத்த அடியைக் கேட்டவர் இந்தப் பனியன்தான்.

அவ்வாண்டு ஆகஸ்டில் அவருடைய இரண்டாம் மனைவி எலிசபெத், நீதிபதிகள் முன்னே சென்று முறையிட்டாள். நான்கு குழந்தைகள், மூத்தாள் பெற்ற பிள்ளைகள், அவர்களுள் ஒருத்தி குருடி. அவன் பற்றவைப்பவன்தானே என்று ஏளனம் எழுந்தபோது, ஆம், பற்றவைப்பவர், ஏழை, அதனால்தான் இகழப்படுகிறார், நீதியும் கிடைக்கவில்லை என்று அந்த மன்றத்திலேயே சொன்னாள். மாத்யூ ஹேல் என்ற நீதிபதி மட்டும் இரக்கங்காட்டினார், விடுதலை காட்டவில்லை. இனிப் போதிப்பதில்லை என்று ஒரு சொல் சொன்னால் கதவு திறக்கும். பனியன் சொல்லவில்லை. 1672 வரை உள்ளே இருந்தார். உடைநாடாக்களுக்கு முனை பொருத்தி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். வேலை ஓய்ந்த நேரத்தில் பைபிளைப் பிரித்தார்.