ரொட்டி சுட்ட வீட்டின் பட்டு

டிஷ்பைன் குடும்பத்தாரின் ஓவியங்களை முகத்திலிருந்து பார்க்கத் தொடங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். துணியிலிருந்து தொடங்க வேண்டும். இதைக் கண்டுகொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயின. மாவு தூவிய கூந்தல், ரோஜாக் கன்னம், சின்ன உதடு என்று ஒன்றைப்போல் ஒன்றாக வரும் அந்த அரசவைச் சீமாட்டிகளை நானும் வேகமாகக் கடந்துபோனவன்தான். ஒருநாள் ஒரு படத்தில் முழங்கைக்குக் கீழே விழுந்த சாட்டின் மடிப்பு ஒன்று கண்ணைப் பிடித்து நிறுத்தியது. அதற்குப் பிறகு இந்தக் குடும்பத்தை விடவே முடியவில்லை.

ஹெஸ்ஸே மலைப்பகுதியில் ஹைனா என்று ஒரு சிற்றூர். அங்கிருந்த சிஸ்டர்சியத் துறவிகளின் மடத்தை 1533இல் சிற்றரசர் ஃபிலிப் மருத்துவமனையாக மாற்றினார். இருநூறு ஆண்டுகள் கழித்து அந்த மருத்துவமனைக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தவர்தான் இந்த வம்சத்தின் தகப்பனார். டிஷ்பைன் என்றால் ஜெர்மனில் மேசைக்கால் என்று பொருள். மகன்களில் ஒருவர் தச்சரானார். ஐந்து பேர் ஓவியர்களானார்கள். மூன்று தலைமுறைகளில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் தூரிகை பிடித்தார்கள். பாதிப்பேருக்கு யொஹான் என்றே பெயர் என்பதால், ஊரையோ ஆளையோ முன்னால் ஒட்டி, காஸல் டிஷ்பைன், லைப்சிக் டிஷ்பைன், கதே டிஷ்பைன் என்றுதான் பிரித்துச் சொல்வார்கள்.

காஸல் டிஷ்பைன்தான் வீட்டின் தூண். 1722இல் பிறந்த யொஹான் ஹைன்ரிஷ். ஸ்டேடியன் பிரபுவின் தயவில் 1743இல் பாரிஸ் போனார். அங்கே ஷார்ல் வான் லூவிடம் பயிற்சி, பிறகு வெனிஸில் பியாட்செட்டாவிடம். பாரிஸ் அவருக்கு நிறத்தைக் கொடுத்தது: வெளிறிய நீலம், தேய்ந்த ரோஜா, முத்துச் சாம்பல். வெனிஸ் கொடுத்தது நிழல். அந்த நிழல் இல்லையென்றால் அவர் இன்னொரு பாரிஸ் சீடராகவே நின்றிருப்பார் என்பது என் எண்ணம். 1753இல் ஹெஸ்ஸே-காஸல் சிற்றரசர் எட்டாம் வில்ஹெல்ம் அவரை அரசவை ஓவியராக அமர்த்திக்கொண்டார். ரெம்ப்ராண்டின் படங்களைத் தேடித்தேடி வாங்கிக் குவித்த கண் அந்த மன்னருடையது. அப்படிப்பட்டவர் தேர்ந்தெடுத்த கை சாதாரணக் கையாக இருக்க முடியாது.

காஸலுக்கு வடக்கே காட்டோரத்தில் அந்த மன்னருக்காகக் கட்டடக்கலைஞர் குவில்லியே வடிவமைத்த வில்ஹெல்ம்ஸ்தால் கோடை மாளிகை நிற்கிறது. அதில் டிஷ்பைன் தீட்டிய அழகியர் கூடம் இருக்கிறது. அரசவையோடு தொடர்புள்ள பெண்களின் உருவப்படங்கள் சுவரில் வரிசையாக வரும். இங்கேதான் பட்டைப் படிக்க வேண்டும். சாட்டினுக்கென்று தனி நிறம் கிடையாது, அக்கம்பக்கத்து வெளிச்சத்தைக் கடன் வாங்கித்தான் அது வாழ்கிறது. அதனால் சாட்டினைத் தீட்டுகிறவன் முதலில் நடுத்தரமான ஒரு சாயலைப் பரப்புகிறான். மடிப்பின் குழியில் இருட்டை இறக்குகிறான். மடிப்பின் முதுகில், சாயம் ஈரமாக இருக்கும்போதே, வெள்ளையை ஒரே இழுப்பில் ஓட்டிவிடுகிறான். இதுவரை எல்லோரும் செய்வது. குழியின் இருட்டுக்குள்ளே எதிர்மடிப்பிலிருந்து தெறித்துவரும் மங்கலான இரண்டாவது வெளிச்சம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்து வைக்கும்போதுதான் துணி தகரமாகாமல் துணியாகிறது. டிஷ்பைன் அந்த இரண்டாவது வெளிச்சத்தின் மன்னர். அவருடைய நீலப்பட்டின் நிழலில் பக்கத்துச் சதையின் ரோஜா நிறம் லேசாகக் கசிந்திருக்கும். உடைக்குள்ளே ஓர் உயிர் சூடாக இருக்கிறது என்பதை நமக்குச் சொல்வது அந்தக் கசிவுதான், முகம் அல்ல.

அந்தப் பட்டுக்குப் பின்னால் இருந்த பணத்தையும் சொல்லியாக வேண்டும். ஹெஸ்ஸே-காஸல் தன் படைவீரர்களை வாடகைக்கு விட்டுச் சம்பாதித்த நாடு. அடுத்துவந்த இரண்டாம் ஃப்ரெட்ரிஷ் காலத்தில், 1776 முதல், விவசாயிகளின் பிள்ளைகள் பிரிட்டனுக்காக அமெரிக்காவில் சண்டையிட்டுச் செத்தார்கள். மறுவருடமே காஸலில் கலைக்கழகம் தொடங்கியது. அதில் டிஷ்பைன் முதன்மையான இடத்தில் இருந்தார். இது தெரிந்த பிறகு அந்த மினுமினுப்பை முன்போல இலேசாகப் பார்க்க என்னால் முடிவதில்லை.

முகங்கள் ஒன்றுபோல இருக்கின்றன என்ற குறை உண்மையே. வட்டமான கரிய கண், உருண்ட மோவாய். புராணக் காட்சியானாலும் சீமாட்டியானாலும் அதே சாயல். ஆனால் அந்தச் சாயலின் ஊற்று எங்கே இருக்கிறது என்று பார்த்தால் மனம் இளகிவிடும். 1756இல் அவர் மணந்த மரீ சோஃபி மூன்றே ஆண்டில் இறந்துபோனார். பிறகு அவர் கட்டிக்கொண்டது அவளுடைய தங்கையை. பெர்லின் ஓவியக்கூடத்தில் இருக்கும் படத்தில் முதல் மனைவி ஸ்பினெட் இசைக்கருவியின் முன் இருக்கிறாள், அருகே அவர். பட்டு இங்கேயும் உண்டு, ஆனால் காட்டிக்கொள்ளாத பட்டு. அவருடைய படங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. எந்தச் சீமாட்டியின் முகத்திலும் அவர் தேடிக்கொண்டிருந்தது யாரை என்பது இதன் முன்னால் நின்றால் புரிந்துவிடும்.

மற்றத் தம்பி தமையன்மாரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாலன்டின் ஹில்ட்பர்க்ஹவுஸனில், அன்டன் வில்ஹெல்ம் ஹானாவில், யாகோப் லூபெக்கில். அன்றைய ஜெர்மனி நூற்றுக்கணக்கான குட்டி நாடுகள். ஒவ்வொரு குட்டி மன்னருக்கும் ஓர் ஓவியர் வேண்டியிருந்தது. ஒரே வீட்டார் இத்தனை ஊரில் பிழைத்தது அதனால்தான். பெண்களுக்கும் வீட்டுக்குள்ளேயே பாடம் கிடைத்தது. காஸல் டிஷ்பைனின் மகள் அமலியே, யாகோபின் மகள் மக்தலேனா மார்கரெத்தா இருவரும் ஓவியர்கள். கலைக்கழகங்கள் பெண்களை எளிதில் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் அப்பாவின் பட்டறையே அவர்களுக்குப் பள்ளிக்கூடம்.

வாலன்டினின் மகன் ஃப்ரெட்ரிஷ் அகுஸ்ட், பின்னாளின் லைப்சிக் டிஷ்பைன், சித்தப்பாவின் பட்டைக் கழற்றிப்போட்டவர். ஹாலந்தில் வேலை பார்த்தபோது ஆங்கிலேய உருவப்படங்களின் காற்றோட்டம் அவருக்குள் புகுந்தது. அவருடைய பெண்கள் கூடத்தை விட்டுத் தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள். உடுத்தியிருப்பது மெல்லிய வெள்ளை மஸ்லின். மஸ்லின் மினுங்காது, வெளிச்சத்தை உள்ளே விட்டுக்கொள்ளும். அங்கே சித்தப்பாவின் வித்தை பலிக்காது, வண்ணத்தைப் புகைபோலத் தேய்க்க வேண்டும். 1796இல் இளவரசி லூயிஸை, பின்னாளில் பிரஷ்யாவின் அரசியானவரை, வரைந்தார். என்னைக் கேட்டால் கைத்திறத்தில் வீட்டிலேயே நுட்பமானவர் இவர்தான். பெயர் வாங்கியவர் வேறொருவர்.

அவர் அந்தத் தச்சரின் மகன் வில்ஹெல்ம், கதே டிஷ்பைன். 1751இல் ஹைனாவிலேயே பிறந்து, சித்தப்பாமாரிடம் தொழில் கற்று, ரோம் போனவர். 1786இல் கவிஞர் கதே ரோமுக்கு வந்தபோது கோர்சோ தெருவில் அவரோடு ஒரே வீட்டில் தங்கினார். அப்போது பிறந்ததுதான் இன்று ஃபிராங்க்ஃபர்ட்டின் ஷ்டேடல் அருங்காட்சியகத்தில் இருக்கும் படம்: அகன்ற தொப்பி, இடிபாடுகள், தொலைவில் அல்பான் மலைகள், கல்லின்மேல் சாய்ந்த கவிஞர். இடது கால் நீளம், வலது பாதமும் இடது பாதம்போல இருக்கிறது என்று உலகமே சொல்லிவிட்டது. சரிதான், இருக்கிறது. ஆனால் அந்த வெள்ளை மேலங்கியைப் பாருங்கள். மினுக்கம் முழுவதையும் துடைத்தெடுத்த, பயணக்காரனின் கனத்த துணி. பெரிய, மெதுவான மடிப்புகள் கல்லில் வெட்டியவைபோல விழுகின்றன. மடிப்பின் குழிக்குள் எட்டிப் பார்த்தால், மங்கலாக, அதே இரண்டாவது வெளிச்சம். காஸல் சித்தப்பா சீமாட்டிகளின் நீலப்பட்டில் வைத்தது, ரோமின் வெயிலில் சாம்பல் பூசி இங்கே இருக்கிறது. படத்தைத் தாங்கி நிற்பது அதுதான். கால்களின் தப்பு கண்ணை உறுத்தாமல் இத்தனை பேர் அதன் முன் நின்று நெகிழ்வதும் அதனால்தான்.

அதே வில்ஹெல்ம், அதே வீட்டில், 1787இல் இன்னொன்றையும் வரைந்தார். சின்னக் காகிதம், கொஞ்சம் நீர்வண்ணம். கதே நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு, சன்னலில் சாய்ந்து தெருவை வேடிக்கை பார்க்கிறார். மேலங்கி இல்லை, தொப்பி இல்லை. முதுகில் தொளதொளவென்று ஒரு சட்டை. அதன் மடிப்புக்கு நாலைந்து கோடுகள்.