முல்லைப்பாட்டின் முகிலும் விரைவுப்படமும்

மலைமுகிலின் செலவை 5 நொடிக்கு ஒன்றாகப் படம்பிடித்து, நொடிக்கு 24 படமாக ஓட்டின், ஒரு மணி நேரம் 30 நொடியில் ஒடுங்கும். டைம்லாப்ஸ் எனப்படும் இம்முறையால் ஜப்பானிய இயற்பியலறிஞர் மசனாவோ அபே 1920களின் பிற்பகுதி முதல் பியூஜி மலைமுகில்களை ஆராய்ந்தார். முடிமேல் அசையாது நிற்பதுபோன்ற முகில், காற்று ஏறும் பக்கம் பிறந்து இறங்கும் பக்கம் கரைந்துகொண்டேயிருப்பதை இத்தகைய படம் தெளிவாகக் காட்டும்.

நப்பூதனார் இவ்வொடுக்கத்தைச் சொல்லால் செய்தார். கடல்நீர் பருகி, வலமாக எழுந்து, மலையிற் படிந்து, பொழிந்து முடியும் முகிலின் நெடுஞ்செலவு முல்லைப்பாட்டின் முதல் ஆறடிக்குள் அடங்குகின்றது. மாவலி வார்த்த நீர் கையிற் பட்டதும் ஓங்கிய திருமாலை உவமித்தது நிறமும் வடிவும் நோக்கி மட்டுமன்று. வளர்ச்சியின் விரைவும் நோக்கியே என்பது என் துணிபு. ஆயின் அவ்விரைவு மாலைப்பொழுதில் வந்து நின்றுவிடுகின்றது. முதுபெண்டிர் நெல்லும் முல்லையும் தூவி விரிச்சி கேட்டு நிற்பர், தலைவி ஆற்றியிருப்பாள். 103 அடிப் பாட்டில் முகில் விரைந்தது, காத்திருப்பு நீண்டு தோன்றுதற்பொருட்டே.

இன்றைய மலைமுகிற் படங்கள் பலவற்றில் விரைவு வெறும் வியப்பாய் ஒழிகின்றது. எதிர்நோக்குவார் ஒருவரும் இலர். (முகில் விரைவுக்கெதிரே நகர விரைவை வைத்த காட்ஃப்ரி ரெஜியோவின் 1982ஆம் ஆண்டுப் படம் இதற்கு விலக்கு.) வெள்ளாற்றங்கரைத் திட்டக்குடியில் நின்று, மேற்கே சேலத்து மலைகளில் மழை உண்டா என வினவும் உழவர்க்கு அம்முகில் வெறுங்காட்சியன்று.