யார் முகத்தைப் பார்த்தார்கள்?

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக ராதாபுரம் போயிருந்தேன். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கட்டட மேஸ்திரி. நூலகத்தில் என் நாவல் ஒன்றை எடுத்து வாசித்திருக்கிறார். ஆலைத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல் அது. ஏழாம் அத்தியாயத்தில் படித்த வாலிபன் ஒருவன் பஸ்ஸிலிருந்து இறங்குகிறான். ஆலை வாசலில் நின்று பேசுகிறான். எட்டாம் அத்தியாயத்தில் இருநூறு பேர் அவன் பின்னால் போகிறார்கள். அந்தக் கட்டத்தை விமரிசகர்கள் பாராட்டி எழுதினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேஸ்திரி பாராட்டவில்லை.

“அண்ணாச்சி, கதை நல்லாத்தான் இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பையன் பஸ்ஸைவிட்டு எறங்குததுக்கு முந்தி, அந்த ஜனமெல்லாம் யார் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்துச்சு?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் காலையில் அவர் என்னை ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார். அதைப் பிறகு சொல்கிறேன். ஊர் திரும்பியதும் அவருடைய கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, நெல்லைச் சீமையைப் பற்றி எழுதப்பட்ட சில புத்தகங்களை மறுபடியும் படித்துப் பார்த்தேன்.

முதலில் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’. 1935இல் மணிக்கொடியில் வந்த கதை. நெல்லைக் கிராமம் ஒன்றிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை என்பது வாசகர்களுக்குத் தெரியும். தோட்டம் என்றால் கங்காணி உண்டு. கண்காணி என்பதுதான் பேச்சில் கங்காணி ஆயிற்று. அவன் துரை அல்ல. பெரும்பாலும் கூலிகளின் ஊர்க்காரன், சில சமயம் உறவுக்காரன்கூட. முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்து, கப்பலேற்றி, லயத்தில் குடிவைத்து, அவர்கள் வேலைக்கு வந்த நாளுக்கெல்லாம் தலைக்கு இவ்வளவு என்று துரையிடம் காசு வாங்கிக்கொள்வான். கூலிகள் ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அவர்கள் கடன் மொத்தத்தையும் எழுதிய துண்டு ஒன்று வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் விடுதலை. இந்தத் துண்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள்.

ஒரு பெரிய கங்காணியின் பின்னால் நூறு பேர் நடந்து போவதைத் தூரத்திலிருந்து பார்த்த துரை, இவன் தலைவன், இவர்கள் தொண்டர்கள் என்று நினைத்திருப்பான். அவர்கள் கடனுக்குப் பின்னால் அல்லவா நடந்தார்கள்! வார்த்தையைக் கவனியுங்கள். கண்காணி என்றால் பார்க்கிறவன். மேஸ்திரி என்னிடம் கேட்டதோ பார்க்கப்படுகிறவனைப் பற்றி. வேலைத் தலத்தில் இந்த இரண்டு பேரும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம். புதுமைப்பித்தன் இந்த விஷயத்தில் ஏமாறவில்லை. மருதியைச் சுற்றி அதிகாரம் செய்ய ஆட்கள் உண்டு. அவள் நிமிர்ந்து முகம் பார்க்க ஒருவரும் இல்லை. அந்தக் கதையின் பயங்கரம் எனக்கு இப்போதுதான் முழுவதும் விளங்கியது.

அடுத்தது ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’. 1953இல் வெளிவந்தது; செக் மொழிக்குக்கூடப் போயிற்று. அம்பாசமுத்திரம் வட்டாரத்துக் கைத்தறி நெசவாளர்கள் நூல் கிடைக்காமல் நசிந்த கதை. கைலாச முதலியாரின் வீழ்ச்சியையும் சாவையும் படித்துவிட்டு லேசில் தூங்க முடியாது. ஆனால், பெரிய இடத்துப் பிள்ளையான சங்கர் நெசவாளர்கள் பக்கம் வந்து பேசும் இடங்களில் எனக்கு மேடை நினைவு வருகிறது. தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவர்களைவிடச் சங்கரை நம்புவது எழுத்தாளனுக்குச் சுலபம். அவன் நம்மைப்போலப் படித்தவன், நம்மைப்போலவே பேசுகிறவன். குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என்னுடைய ஏழாம் அத்தியாயத்து வாலிபன் எந்த ஊர் பஸ்ஸில் ஏறினான் என்று இப்போது தெரிகிறது.

நாவலை விடுங்கள், சரித்திரமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1908 பிப்ரவரி 27ஆம் தேதி தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. கூலி உயர்வும் வார ஓய்வும் கேட்டார்கள். வக்கீலான வ. உ. சி.யும், சுப்பிரமணிய சிவாவும் கூட்டங்களில் பேசினார்கள். ஊரே பின்னால் நின்றது. வேலைநிறுத்தக்காரர்களை இகழ்ந்து பேசிய வக்கீல் ஒருவரைப் பாதி முகச் சவரத்தோடு விட்டுவிட்டு நாவிதர் எழுந்து போய்விட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். பத்து நாட்களுக்குள் ஹார்வி கம்பெனி இறங்கி வந்தது. இவ்வளவும் நமக்குத் தெரியும். அந்த நாவிதர் பேர் தெரியுமா?

மார்ச் 12ஆம் தேதி வ. உ. சி.யையும் சிவாவையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூடு. தூத்துக்குடியில் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வெளியே வந்தார்கள். என் மேஸ்திரியின் கேள்வி இந்த இடத்தில்தான் முள்ளாகக் குத்துகிறது. பேசுகிறவர்கள் இரண்டு பேரும் உள்ளே இருக்கிறார்கள். கூலி உயர்வு கிடைத்தாகிவிட்டது. இனி வெளியே வந்தால் நஷ்டம்தான். அந்தக் காலையில் மில்லுக்குள், இயந்திர இரைச்சலில், பேச்சே கேட்காத இடத்தில், ஒருவன் கையை எடுத்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்றவன் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவன் யார்? வ. உ. சி.யின் சுயசரிதை, செய்யுளில் இயற்றியது, 1946இல் அச்சாயிற்று. மில்லுக்குள் கை எடுத்தவன் சுயசரிதை எழுதுகிறவன் அல்ல. வ. உ. சி.யின் பெருமை இதனால் குறைந்துவிடாது. ஏற்கெனவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பழகிய கூட்டம் ஒன்று அங்கே இருந்தது, அவர் அதனிடம் போய்ப் பேசினார் என்றுதான் நான் நினைக்கிறேன். எங்கள் நாவல்களில் அந்தக் கூட்டம் வாய் பார்த்து நிற்கிறது.

இனி ராதாபுரத்து மறுநாள் காலை. பக்கத்துக் குளம் ஒன்றில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. உடைமரங்களுக்கு நடுவே நாற்பது பேர் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். பணித்தளப் பொறுப்பாளரான ஒரு பெண் கையில் பதிவேட்டோடு குடை பிடித்து நின்றாள். பேண்ட் போட்ட ஒரு பையன் எல்லாரையும்விட உரக்கப் பேசிக்கொண்டிருந்தான். மேஸ்திரி என்னைக் கரையில் உட்காரவைத்து, “யாருன்னு சொல்லுங்க, பாப்போம்” என்றார்.

நான் பொறுப்பாளரைச் சொன்னேன். இல்லை என்று தலையசைத்தார். பையனைச் சொன்னேன். சிரித்தார்.

அளக்க வந்தவர், இன்னும் அரையடி ஆழம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பையன் கத்தினான். ஒருவரும் அசையவில்லை. நாற்பது பேரும் தெற்கு மூலையில் குனிந்து வெட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவியைப் பார்த்தார்கள். அவள் மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அடுத்த நிமிஷம் குளத்தில் நிற்பவர் ஒருவர்கூட இல்லை. சிறிது நேரம் கழித்து அவள் எழுந்து மம்பட்டியை எடுத்தாள், எல்லாரும் எழுந்தார்கள். அரையடி ஆழம் வெட்டப்படவில்லை. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

மத்தியானம் அவளிடம் போனேன். “ஆச்சி, நீங்க மம்பட்டிய வச்சதும் எல்லாரும் வச்சுட்டாங்களே, என்ன நெனச்சு வச்சீங்க?” என்று கேட்டேன்.

“முதுகு வலிச்சுது, வச்சேன்” என்றாள். பிறகு, என் சட்டையை ஒரு தரம் பார்த்துவிட்டு, “நீங்க ஆபீஸ் ஆளா?” என்றாள்.

என் நாவலின் இரண்டாம் பதிப்புக்கு அவசரப்படுகிறார் பதிப்பாளர். ஏழாம் அத்தியாயத்தில் அந்த வாலிபனை எடுத்துவிட்டு இவளைப் போட்டுப் பார்த்தேன். நான்கு வரி பேசவைத்ததும் அவளும் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் மாதிரி ஆகிவிட்டாள். கிழித்துப் போட்டேன். மற்ற அத்தியாயங்களின் அச்சுப்படிகளைத் திருத்தி அனுப்பிவிட்டேன். ஏழாவது மட்டும் மேஜைமேல் கிடக்கிறது.